கல்லைத் தரம் பார்ப்பவரே கல்லை விற்றால்?

இன்றைக்கு நகைக்கடைப் பக்கம் கொஞ்சம் போகலாம். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடக் கேள்வி.

உங்கள் கணக்கு டீச்சரே சாயங்காலம் காசு வாங்கிக்கொண்டு டியூஷனும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் டியூஷன் போகும் பிள்ளைகள் 'ஏ' வாங்குகிறார்கள். போகாதவர்களுக்கு 'பி'. டீச்சர் நல்லவராகவே இருக்கலாம். டியூஷனில் உண்மையிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனாலும் 'பி' வாங்கிய பையனின் வீட்டில் ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை டீச்சரால் எதைச் சொல்லியும் தீர்க்க முடியாது.

இந்தியாவில் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. ஆசிரியர்கள் எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. மார்க் போடுகிற கையும் காசு வாங்குகிற கையும் ஒன்றாக இருந்தால், அந்த மார்க்கை யாரும் நம்ப மாட்டார்கள். சட்டத்தின் கவலை அதுதான். தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கு 'இரட்டை ஆதாயம்' என்று ஒரு பெயர் உண்டு.

இதே கேள்வியைத்தான் எங்கள் வீட்டில் ஒரு வைரத் தோடு கிளப்பிவிட்டது.

எங்கள் பாட்டிக்கு 1968-ல் கும்பகோணத்தில் கல்யாணம் ஆனபோது போட்ட ஏழு கல் தோடு அது. பாட்டி இப்போது எங்களோடு சான் ரமோனில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "நான் இருக்கும்போதே இதைப் பிரிச்சுக் குடுத்துடறேன்" என்றார். பிரிக்க வேண்டியது என் அப்பாவுக்கும் ஃப்ரீமான்டில் இருக்கும் அத்தைக்கும். அத்தைக்கு அப்போது வேலை போயிருந்தது. வீட்டுக்கடன் தலைக்கு மேல். அதனால் தோட்டை அம்மா வைத்துக்கொள்வது, பாதி விலையை அத்தைக்குப் பணமாகக் கொடுத்துவிடுவது என்று பேச்சு.

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு விலை. அது குறைவாக இருந்தால் அத்தைக்கு நஷ்டம், அதிகமாக இருந்தால் அம்மாவுக்கு நஷ்டம். இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற ஒரு எண் வேண்டும்.

பே ஏரியாவில் அம்மா வழக்கமாகப் போகும் ஒரு நகைக்கடை இருக்கிறது. ஊரும் பேரும் வேண்டாம். கடைக்கார அங்கிளை எங்களுக்குப் பல வருஷமாகத் தெரியும். மூன்று வருஷம் முன்பு அம்மா அங்கே ஒரு நெக்லஸ் வாங்கியபோது, வீட்டு இன்சூரன்ஸுக்காக எல்லா நகைக்கும் இலவசமாகவே அப்ரைசல் எழுதிக் கொடுத்தார். அதில் பாட்டியின் தோடும் இருந்தது. நிறம் 'ஜி' என்று எழுதியிருந்தார்.

இந்த முறை, விற்பதாக இருந்தால் என்ன பெறும் என்று கேட்கப் போனோம். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "பழைய கட்டிங்மா. கலர் கே-தான் வரும். பேசாம என்கிட்டயே குடுத்துடுங்க, புது செட்டுல கழிச்சுக்கலாம்" என்றார்.

வைரத்தின் நிறத்தை 'டி' முதல் 'இசட்' வரை எழுத்துகளால் சொல்வார்கள். 'டி' என்றால் நிறமே இல்லாத கல். எழுத்து இறங்க இறங்க மஞ்சள் ஏறும். 'ஜி'யிலிருந்து 'கே'க்கு நான்கு படி. விலையில் அது பெரிய இறக்கம்.

இதைக் கண்டுபிடித்தது அத்தைதான். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தவர். பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணி, அன்னைக்கு ஜி-ன்னு எழுதியிருக்காரே?" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விலை மாறினால் அது ஏமாற்று ஆகிவிடாது. இன்சூரன்ஸுக்கு எழுதுவது, நகை தொலைந்தால் அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. கடைக்காரர் திருப்பி எடுக்கும்போது சொல்வது, அவர் அதை மறுபடி விற்று லாபம் பார்க்கிற விலை. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருப்பது வழக்கம்தான். ஆனால் நிறம் என்பது கல்லின் குணம். மூன்று வருஷம் லாக்கரில் கிடந்த கல் நான்கு படி மஞ்சளாகாது. அன்றைக்கு அவர் எங்களுக்கு நகை விற்றவர், இன்றைக்கு எங்களிடம் நகை வாங்க நினைப்பவர். மாறியது அது ஒன்றுதான்.

அவர் வேண்டுமென்றே செய்தார் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. நகையில் பதித்த கல்லின் நிறத்தைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். 'ஜி'யா 'எச்'சா என்று சந்தேகம் வரும்போது, மனசு நமக்கு வசதியான பக்கம் கொஞ்சம் சாயும். எல்லாருக்கும் சாயும். நான் நடுவராக உட்கார்ந்து என் தம்பியின் ஆட்டத்துக்கு மார்க் போட்டால், எனக்கே தெரியாமல் அரை மார்க் கூடத்தான் விழும்.

சரி, வேறு ஒருவரிடம் காட்டலாம் என்று அத்தை சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவர் நம்ம ஆளு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். வெளியில காட்டினோம்னு தெரிஞ்சா என்ன நினைப்பார்?"

இந்த வாக்கியம் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். நம் சமூகத்தில் இரண்டாவது கருத்து கேட்பது என்றால் முதல் ஆளை அவமானப்படுத்துவது. டாக்டராக இருந்தாலும் சரி, ரியல் எஸ்டேட் ஏஜென்டாக இருந்தாலும் சரி, 'நம்ம ஆளு' என்றால் கேள்வி நின்றுவிடும்.

கடைசியில் பாட்டிதான் முடிவு செய்தார். "என் கல்லு. நான் காட்டறேன்" என்றார்.

வால்நட் கிரீக்கில் மதிப்பீடு மட்டுமே செய்யும் ஒரு பெண்மணியிடம் போனோம். அவர் நகை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. மணிக்கணக்கில் ஃபீஸ். கல் ஆயிரம் டாலர் பெற்றாலும் லட்சம் டாலர் பெற்றாலும் அதே ஃபீஸ்தான். அமெரிக்காவில் மதிப்பீட்டாளர்களுக்கு 'யூஸ்பாப்' என்று ஒரு தொழில் நெறிமுறை உண்டு. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் வாங்குவதை அது அனுமதிப்பதில்லை. காரணம் உங்களுக்கே புரியும். சதவீதம் என்றால், எண்ணைக் கூட்டினால் ஃபீஸும் கூடும்.

அவர் சொன்ன பதில் எங்களுக்குப் புதிதாக இருந்தது. "கல் நகையில் பதித்திருக்கிறது, பின்பக்கம் மூடியிருக்கிறது. ஒரே எழுத்தில் சொன்னால் அது பொய். 'எச்' முதல் 'ஜே' வரை என்றுதான் என்னால் எழுத முடியும்." 'ஜி'யும் இல்லை, 'கே'யும் இல்லை. அங்கிள் விற்றபோது ஒரு படி மேலே போயிருந்தார், வாங்கியபோது ஒரு படி கீழே இறங்கியிருந்தார். அவ்வளவுதான். அந்த எண்ணை அம்மாவும் அத்தையும் எதிர்ப்பேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பேரும் இன்னும் வாரா வாரம் பேசிக்கொள்கிறார்கள். கொடுத்த ஃபீஸுக்குக் கிடைத்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அவர் புற ஊதா விளக்கைப் போட்டதும் கற்கள் நீலமாக ஒளிர்ந்தன. பாட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ப்ளூ ஜாகர்னு அப்பவே சொன்னேன்ல!" தமிழ் வீடுகளில் உசத்தியான வைரத்துக்கு இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. லேசான நீலச் சாயல் கொண்ட கற்களுக்கு அந்தச் சுரங்கம் பேர் போனது. இன்றைய சந்தையிலோ பலமான நீல ஒளிர்வு இருந்தால் பல சமயம் விலை குறையும். யோசித்துப் பார்த்தால், 'ப்ளூ ஜாகர்' என்பதும் 1968-ல் விற்றவர் பாட்டியின் அப்பாவிடம் சொன்ன வார்த்தைதான்.

அந்தக் காலத்தில் எப்படி நம்பினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். ஆசாரி வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வேலை செய்வாராம். தங்கத்தை உருக்கும் முன்னும் பின்னும் எடை போடுவார்களாம். கல்லை எண்ணி நோட்டில் எழுதிக்கொள்வார்களாம். "நம்பாம இல்லடா. கண்ணு முன்னால நடந்தா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி." அந்த 'அவருக்கும்' என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. சரிபார்ப்பது நேர்மையான ஆளுக்கும் ஒரு பாதுகாப்பு.

இந்தப் பிரச்சினை தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் சிலப்பதிகாரக் கதையைப் படித்திருப்பீர்கள். மதுரைக்கு வந்த கோவலன், கண்ணகியின் காற்சிலம்பு ஒன்றை விற்கப் போகிறான். வழியில் அரண்மனைப் பொற்கொல்லன் வருகிறான். இதற்கு விலை மதிப்பிட முடியுமா என்று கோவலன் அவனிடம் கேட்கிறான். சிலம்பைப் பற்றி அந்த ஊரில் அவனைவிட அதிகம் தெரிந்தவர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. மதிப்பு சொல்ல வேண்டியவனுக்கு, பழியைப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது. அரசன் அந்த ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு ஆணையிட்டான். கோவலன் செத்த பிறகுதான் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு நிமிடச் சோதனை. அதைத் தீர்ப்புக்கு முன்னால் யாரும் செய்யவில்லை.

அதே காப்பியத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் ரத்தினக் கடைத்தெரு வருகிறது. வைரத்தில் இருக்கக்கூடிய குற்றங்களைக் காகபாதம், களங்கம் என்று பெயர் சொல்லி வகைப்படுத்துகிறது. கல்லைத் தரம் பிரிக்கும் அறிவு அந்த ஊரில் நன்றாகவே இருந்திருக்கிறது. அந்த அறிவு யார் கையில், எந்த ஆதாயத்தோடு இருக்கிறது என்பதை அரசன் கேட்கவில்லை. இந்தக் கதையை வைத்துப் பொற்கொல்லர்களையே குறை சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது நியாயமில்லை. அந்த நாற்காலியில் எந்த ஜாதிக்காரர் உட்கார்ந்தாலும் அதே ஆபத்துதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். சான் ரமோனிலிருந்து தெற்கே, சான் டியேகோவுக்குப் பக்கத்தில் கார்ல்ஸ்பாட் என்ற ஊர் இருக்கிறது. 'டி' முதல் 'இசட்' வரையிலான அளவுகோலை உலகத்துக்குக் கொடுத்த ஜிஐஏ நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். 1931-ல் ராபர்ட் ஷிப்லி தொடங்கியது. அளவுகோல் 'ஏ'யில் ஆரம்பிக்காமல் 'டி'யில் ஆரம்பிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாக 'ஏ', 'டபுள் ஏ', 'ட்ரிபிள் ஏ' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் புது எழுத்திலிருந்து தொடங்கினார்கள்.

ஜிஐஏ நகை விற்பதில்லை, விலையும் சொல்வதில்லை. கல் யாருடையது என்று தரம் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே கல்லை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் 2005-ல் ஒரு பெரிய விவகாரம் வந்தது. நியூயார்க் ஆய்வகத்தில் சிலர் காசு கொடுத்துத் தரத்தைக் கூட்டி வாங்கியதாக ஒரு வழக்கில் குற்றச்சாட்டு எழுந்தது. உள்விசாரணைக்குப் பிறகு நான்கு ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். ஆய்வகத் தலைவரும் பதவி விலகினார். நகை விற்காமல் இருந்தால் மட்டும் போதாது. ஃபீஸ் கொடுப்பவர் பெரும்பாலும் வியாபாரி என்பதால், அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு இழுப்பு இருந்துகொண்டே இருக்கும்.

அந்த இழுப்பு எங்கே கொண்டுபோகும் என்பதை 2014-ல் பார்க்கலாம். இஜிஎல் என்ற பெயரில் இயங்கிய சில ஆய்வகங்கள் தரத்தைத் தாராளமாகப் போடுகின்றன என்ற புகார் பல காலமாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், உலக வைர வியாபாரிகள் பயன்படுத்தும் ராப்நெட் சந்தை, இஜிஎல் சான்றிதழ் கொண்ட கற்களைப் பட்டியலிடுவதையே நிறுத்திவிட்டது. தாராளமாக மார்க் போடும் லேபை வியாபாரிகள் தேடிப் போவார்கள். வாங்குகிறவருக்குக் கையில் கிடைப்பது ஒரு அழகான அட்டை.

விற்பவரும் தரம் பார்ப்பவரும் ஒரே குடும்பமாக இருப்பதும் இன்று ரகசியம் இல்லை. டி பீர்ஸ் குழுமம் வைரத்தைத் தோண்டுகிறது, ஃபாரெவர்மார்க் என்ற பெயரில் விற்றிருக்கிறது, தரம் பார்க்கும் ஆய்வகமும் வைத்திருக்கிறது. ஐஜிஐ ஆய்வகத்தின் 80 சதவீதப் பங்கை 2018-ல் வாங்கிய சீனாவின் யுயுவான் நிறுவனம், லாவ் மியாவ் என்ற நகைக்கடைகளை நடத்துவது. 2023-ல் ஐஜிஐ பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024 டிசம்பரில் மும்பைப் பங்குச் சந்தைக்கு வந்தது. இவர்கள் யாரும் தவறு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அட்டையில் இருக்கும் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை, அவ்வளவுதான்.

கைகளைப் பிரித்து வைக்க முடியுமா? முடியும். தங்கத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். ஹால்மார்க் என்ற சொல்லே லண்டன் பொற்கொல்லர் மன்றத்திலிருந்து வந்தது. 1478 முதல் நகையை அந்த 'ஹாலு'க்குக் கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டும் என்று ஆனது. இந்தியாவில் 2021 ஜூன் முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. கடைக்காரர் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு அங்கீகரித்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த முறை தி. நகருக்குப் போகும்போது, நகையில் இருக்கும் ஆறு இலக்க ஹெச்யுஐடி-யை 'பிஐஎஸ் கேர்' செயலியில் நீங்களே தட்டிப் பாருங்கள். ஆனால் அது சொல்வது தங்கத்தின் தரத்தை மட்டும். அதில் பதித்த கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மருத்துவத்திலும் செய்திருக்கிறார்கள். டாக்டர் தான் பங்கு வைத்திருக்கும் லேபுக்கே மெடிகேர் நோயாளிகளை அனுப்பக் கூடாது என்று 1989-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதை முன்னெடுத்த பீட் ஸ்டார்க், நம் பக்கத்து ஃப்ரீமான்ட், ஹேவர்ட் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். அந்தச் சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். நகை மதிப்பீட்டாளர்களுக்கோ அமெரிக்காவில் அரசு லைசென்ஸ்கூடத் தேவையில்லை. அதனால் கேள்வி கேட்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

ஜாதகம் பார்த்து, "பொண்ணுக்குப் புஷ்பராகம் போடுங்க, என்கிட்டயே நல்ல கல் இருக்கு" என்று சொல்லும் ஜோசியரிடமும் இது பொருந்தும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் வீட்டு விஷயம். நம்புகிறவர்கள்கூடக் கல்லை வேறு இடத்தில் வாங்கலாம் இல்லையா?

உங்களில் பலர் சீக்கிரமே மோதிரம் வாங்கப் போகிறீர்கள். சிலருக்குப் பாட்டியின் நகை கைக்கு வரும். போகும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்தத் தரத்தைச் சொல்பவருக்கு, நான் வாங்கினாலோ விற்றாலோ காசு வருமா?

இரண்டாவது, அவருக்கு ஃபீஸ் யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இலவச அப்ரைசலுக்கும் எங்கேயோ ஒரு விலை இருக்கும்.

மூன்றாவது, 'ஜிஐஏ' என்று அவர் சொல்வது எதை? கடைக்காரர் ஜிஐஏ-வில் படித்து டிப்ளமா வாங்கியிருக்கலாம். அது அவருடைய படிப்பு. உங்கள் கல்லுக்கான லேப் அறிக்கை வேறு. அறிக்கை எண்ணை லேபின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது, விற்பவரோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் இதைப் பார்த்தாரா?

இதை மரியாதையாகக் கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள். "அங்கிள், வீட்ல ரெண்டு பேருக்குப் பங்கு. அதனால வெளியில ஒருத்தர்கிட்டயும் எழுதி வாங்கிக்கறோம்" என்று அத்தையே அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "செய்யுங்கம்மா, அதான் சரி" என்றார். அம்மா பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. இந்த வருஷத் தீபாவளிக்கும் அவர் வந்தார், இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.